ஸ்டெல்லாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள ஸ்டெல்லா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குப் பாதிக் காரணம் என் முழங்கால், மீதிப் பாதி நீ கேட்ட கேள்வி. முழங்காலில் ஊசி போட்டார்கள், இப்போது பரவாயில்லை. இத்தனை வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்ற கால் வேறு எப்படி இருக்கும்! சின்னவனும் கல்லூரிக்குப் போய்விட்டான். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஒரே லாபம், ராத்திரி வாங்கி வைத்த பால் காலையில் அப்படியே இருக்கிறது.

சரி, உன் விஷயம். பிரசவ வார்டில் நர்ஸாக வேலைக்குச் சேரப் போகிறாய். "கருக்கலைப்புக்குத் துணை நிற்க மாட்டேன் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்தால் வேலைக்கு உலை வைத்துக்கொள்கிற மாதிரி ஆகுமா?" என்று கேட்டிருந்தாய். ஆகக் கூடாது. 1973இல் கருக்கலைப்பை உரிமையாக்கிய ரோ தீர்ப்பு வந்த சில மாதங்களிலேயே அதற்கென்று இங்கே அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்துவிட்டது. சர்ச் திருத்தம் என்பார்கள். தேவாலயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கொண்டுவந்த செனட்டரின் பெயர் ஃபிராங்க் சர்ச். ஐடஹோக்காரர். நான் ரொம்ப நாள் தேவாலயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், சிரிக்காதே. குறிப்பிட்ட சில கூட்டரசு நிதிகளை வாங்கும் மருத்துவமனை, மத நம்பிக்கையாலோ மனசாட்சியாலோ மறுத்தாய் என்பதற்காக உன்னை வேலையை விட்டு அனுப்பவோ, பதவி உயர்வைத் தடுக்கவோ முடியாது. பெரும்பாலான மாநிலங்கள் தனியாகவும் இப்படி ஒரு சட்டம் வைத்திருக்கின்றன.

ஆனால் சட்டம் இருப்பது வேறு, அது கைக்கு எட்டுவது வேறு. நியூயார்க்கில் ஒரு நர்ஸ், தன்னைக் கட்டாயப்படுத்திக் கருக்கலைப்பில் நிற்க வைத்தார்கள் என்று மருத்துவமனை மேல் வழக்குப் போட்டார். 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. இந்தச் சட்டத்தை வைத்துத் தனி ஆள் வழக்குப் போட முடியாதாம். சுகாதாரத் துறையின் சிவில் உரிமை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், அவ்வளவுதான். அதனால் சண்டை வந்த பிறகு சட்டத்தைத் தேடாதே. முன்னாடியே காகிதத்தில் வை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு ராத்திரி நடந்தது. நான் அப்போது வேலை பார்த்த இடத்தின் பெயர் வேண்டாம். பதினெட்டு வாரக் கர்ப்பிணி. பனிக்குடம் உடைந்து ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. காய்ச்சல் 102 தாண்டி, பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்கின்றன. குழந்தைக்கு இதயத் துடிப்பு இருக்கிறது. இனிமேல் காத்திருந்தால் தாயும் தங்க மாட்டாள், கர்ப்பத்தைக் கலைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போர்டில் அந்த அறைக்கு எழுதியிருந்த பெயர், உன்னைப் போலவே மறுப்புள்ள ஒருத்தியுடையது. அவள் சேர்ந்த அன்றே எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தக் கடிதம் எங்கோ ஒரு ஃபைலில் தூங்குகிறது. அன்றைய சார்ஜ் நர்ஸ், அதாவது அந்த ஷிஃப்டுக்குப் பொறுப்பானவர், வெளியிலிருந்து வந்த ஒப்பந்த ஆள், அவருக்கு ஒன்றும் தெரியாது. "இப்போது வந்து சொல்கிறாயா?" என்று அவர் கத்த, இவள் முகம் வெளுத்து நிற்க, என்னைக் கூப்பிட்டார்கள். நான் அப்போதுதான் ஒரு சிசேரியன் முடித்துக் கையுறையைக் கழற்றியிருந்தேன்.

நான் கை கழுவி வரும்வரை அவள் அறையை விட்டுப் போகவில்லை. ஆன்டிபயாடிக் ஏற்றினாள், போர்வை போர்த்தினாள், அந்தப் பெண்ணின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்ததும் அந்தக் கையை எடுத்து என் கையில் வைத்துவிட்டு வெளியே போனாள். எல்லாம் முடிந்து ரெக்கவரிக்குக் கொண்டுபோனால், அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

உள்ளதைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு அவள் மேல் கோபம்தான். உன் மனசாட்சிக்கு என் முதுகா என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்த பிறகுதான் கோபப்பட வேண்டியது அவள் மேல் இல்லை, கடிதத்தை ஃபைலில் போட்டு மூடியவர்கள் மேல் என்று புரிந்தது. நியூஜெர்சியில் 2011இல் கருக்கலைப்பில் நிற்க மாட்டோம் என்று 12 நர்ஸ்கள் சேர்ந்து வழக்குப் போட்டு, சமரசத்தில் முடிந்ததே, நினைவிருக்கிறதா? தாயின் உயிருக்கு ஆபத்து, வேறு ஆளே இல்லை என்றால் மட்டும் இவர்கள் நோயாளியைப் பார்த்துக்கொள்வார்கள், அதுவும் மாற்று ஆள் வரும்வரைதான் என்று முடிவானது. எங்கள் ஆள் அந்த ராத்திரி, யாரும் சொல்லித் தராமலே, கிட்டத்தட்ட அதையேதான் செய்தாள்.

அப்புறம், 'துணை நிற்பது' எதுவரை என்று கேட்டிருந்தாய். அதுதான் சிக்கல். 2019இல் டிரம்ப் அரசு கொண்டுவந்த விதியில் இது ரொம்ப அகலம். நேரம் குறித்துக் கொடுப்பது, அறையையும் கருவிகளையும் தயார் செய்வது வரைக்கும் போனது. அமலுக்கு வருமுன்பே நீதிமன்றங்கள் ரத்து செய்துவிட்டன. பிரிட்டனில் நேர் எதிர். கிளாஸ்கோவைச் சேர்ந்த இரண்டு மருத்துவச்சிகள் வழக்கில் 2014இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், நேரடியாகக் கை வைப்பதை மட்டும்தான் மறுக்கலாம், மேற்பார்வையையும் ஆள் போடுவதையும் மறுக்க முடியாது என்றது. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். போனில் பேசிக்கொள்ளலாம், கடிதத்தில் சண்டை வேண்டாம்.

இன்னொன்று. அந்த 1973 சட்டத்துக்கு இன்னொரு பாதி இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. மறுத்தவரை எப்படித் தண்டிக்கக் கூடாதோ, அப்படியே சட்டப்படி செய்தவரையும் தண்டிக்கக் கூடாது என்று அதே வரியில் எழுதியிருக்கிறது. மனசாட்சி என்றாலே மறுக்கிறவர்களுடைய சொத்து என்று ஆகிவிட்டது, ஸ்டெல்லா. அன்று ராத்திரி உள்ளே நின்றேனே, எனக்கும் அது இருந்துதான் நின்றேன். 2022இல் ரோ தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு கருக்கலைப்புக்குத் தடை போட்ட மாநிலங்களில், இந்தப் பெண்ணைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லும் டாக்டரின் மனசாட்சிக்கு எந்தச் சட்டம் காவல்? 'சட்டப்படி' என்ற ஒரு வார்த்தை அங்கே பொருந்தாமல் போனதும் அந்தப் பாதி வெறும் காகிதமாகிவிட்டது. உன் பாதி மட்டும் கெட்டியாக நிற்கிறது. 2024இல் கருக்கலைப்பு மாத்திரை வழக்கில்கூட உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது பேரும் ஒரே குரலில், கூட்டரசு மனசாட்சிச் சட்டங்கள் மறுக்கும் டாக்டர்களைக் காக்கின்றன என்றார்கள்.

உன்மேல் வருத்தமில்லை. பயிற்சிக் காலத்தில் எனக்குப் பதில் எத்தனை ராத்திரி நின்றிருக்கிறாய், கணக்கா வைத்திருக்கிறேன்!

முதல் ஷிஃப்டுக்கு முன்பே எழுதிக் கொடு. ஹெச்.ஆரிடம் கொடுத்ததோடு விடாதே, வார்டு மேலாளரிடமும் ஒரு பிரதி கொடுத்து, வாங்கியதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்கு. எதைச் செய்ய மாட்டாய் என்று எழுதுகிற அதே தாளில் எதைச் செய்வாய் என்பதையும் எழுது. ரத்தப்போக்கு, காய்ச்சல், கருச்சிதைவுக்குப் பிறகான பராமரிப்பு எல்லாவற்றுக்கும் வருவேன் என்று பெயர் சொல்லிப் போடு. ஒவ்வொரு ஷிஃப்டிலும் சார்ஜ் நர்ஸ் யார் என்று பார்த்து நீயே ஒரு வார்த்தை சொல்லிவிடு. உனக்குப் பதில் யார் நிற்பார் என்பது அவருக்கு ராத்திரி ஏழு மணிக்கே தெரிந்திருக்க வேண்டும், இரண்டு மணிக்கு இல்லை.

எழுதி முடித்ததும் எனக்கு ஒரு முறை அனுப்பு. ஞாயிறு எனக்கு லீவு, படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
வசந்தி