பல்லு நறுமுற பிள்ளைக்கு

தம்பி ராசா,

நேற்று வீடியோ கோலில நீ பாண் துண்டைக் கடிக்கேக்க வலப்பக்கக் கன்னத்தைக் கையால தாங்கினதை நான் கண்டிட்டன், கேட்டா ஒண்டுமில்லையம்மா காதுக்குள்ள கொஞ்சம் குத்துது எண்டு சொல்லிப்போட்டு கமராவை மற்றப் பக்கம் திருப்பினாய். காதெண்டா ஏன் மோனை கொட்டாவி விடேக்க டிக் எண்டு சத்தம் வருது?

பேராதனையில பல் வைத்தியம் படிக்கிற சித்தின்ர மகளிட்டக் கேட்டனான். காதுக்கு முன்னால இருக்கிற தாடை மூட்டும் தசையளும் நோகிறதாயிருக்கும், ரீஎம்டி எண்டு பேராம். அமெரிக்காவில தாடை நோ இல்லாத ஆக்களாப் பாத்து எடுத்து, 2700 பேருக்கு மேல வருசக்கணக்காக் கவனிச்சிருக்கினம், 260 பேருக்குப் புதுசா வந்ததாம், முதலே மனஅழுத்தம் கூட எண்டு சொன்ன ஆக்களுக்குத்தான் வாற சான்ஸ் கூடவாம். நோ வந்துதான் கவலை எண்டில்லை, கவலை முன்னுக்கே வந்து குந்தியிருந்திருக்கு. அதுக்காக ஸ்ட்ரெஸ் மட்டும்தான் எண்டுமில்லை, நித்திரை கெடுறது, பல்லை இறுக்கிற பழக்கம் எல்லாம் சேருமாம். நீ சின்னனிலயே நித்திரையில நறுமுவாய், அம்மம்மா வயித்தில புழு எண்டு பூச்சி மருந்து பருக்கினவ, பாவம் நீ.

எனக்கும் இருந்தது, உனக்குச் சொல்லேல்லை. 95 ஒக்டோபர் கடைசியில, சண்டையால யாழ்ப்பாணத்து வலிகாமச் சனமெல்லாம் ஊரை விட்டு வெளிக்கிட்ட இரவு, அக்காவை இடுப்பில வச்சுக்கொண்டு நாவற்குழிப் பாலத்தால நடந்து போய் சாவகச்சேரியில இருந்த மாசங்களில, காலமை எழும்பினா வாய் ரெண்டு விரலுக்கு மேல திறக்காது. சூத்தைப் பல்லெண்டு நினைச்சு ஒரு நல்ல கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவிச்சனான். பல்லுப் போச்சு, நோ போகேல்லை.

இதை வாசிக்கேக்க மேல் பல்லும் கீழ் பல்லும் முட்டிக்கொண்டிருக்கோ பார். சும்மா இருக்கேக்க உதடு மூடியிருக்கலாம், பல்லு முட்டக்கூடாதாம். சுடுதண்ணித் துணியால ஒத்தடம் பிடி, கொஞ்ச நாளைக்கு இடியப்பமும் சொதியும் மாதிரி மெதுவான சாப்பாடாச் சாப்பிடு. போன பார்சலில வந்த புழுக்கொடியலை, அந்தக் காஞ்ச பனங்கிழங்கைத் தொடாதை, அனுப்பின நான்தான் விசரி. குறையாட்டி பல்லு டொக்ரரிட்டப் போ, ஆனா என்னை மாதிரி அவசரப்பட்டுப் பல்லைப் பிடுங்கிப்போடாதை. நெஞ்சும் சேர்ந்து நொந்தா உது தாடைதானே எண்டு இருந்திடாதை, உடன ஆஸ்பத்திரிக்கு ஓடு.

ரெண்டு ஷிப்ற் ஏன் அடிக்கிறாய் எண்டு எனக்குத் தெரியாதே? அக்கான்ர கலியாணக் கடனுக்கு இந்த மாசமும் வாற மாசமும் காசு அனுப்பாதை. மாமாவோட கதைச்சிட்டன், தைப்பொங்கலுக்குப் பிறகு பாப்பம் எண்டிட்டார், முகம் கொஞ்சம் சுருங்கினதுதான், அதை நான் பாக்கிறன்.

ஞாயிற்றுக்கிழமை கோல் எடு, கமராவைத் திருப்பாமல்.

உன்ர அம்மா