செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

தலைவர் அவர்களே, போஷகர்களே, நிர்வாக சபையினரே, சக அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

போன வருடம் நான் அறிக்கை வாசித்தபோது பின்வரிசையில் இரண்டு பேர் நல்ல நித்திரை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதனால் இம்முறை வழமையான விடயங்களை ஓட்டமாகச் சொல்லிவிட்டு, இந்த வருடம் அதிகம் சண்டை பிடித்த விடயத்துக்கு நேரத்தை வைத்துக்கொள்கிறேன்.

நிர்வாக சபை பத்துத் தடவை கூடியது. அதில் இரண்டு கூட்டம் ஆள் காணாமல் தேநீரோடு கலைந்தது. புதிதாக 14 பேர் சேர்ந்து, அங்கத்தவர் தொகை இப்போது 87. அதில் சந்தா கட்டியவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொருளாளர் சொல்வார், நான் வாய் திறக்கவில்லை. நமது திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் குப்பை பொறுக்கும் சிரமதானம் எட்டு மாதம் நடந்தது, நாலு மாதம் நடக்கவில்லை. நவம்பர் கடைசியில் கொட்டிய பெருமழையின்போது, இடம்பெயர்ந்திருந்தவர்களுக்கு நாலு நாள் இரவுச் சாப்பாடு சமைத்துக் கொடுத்தோம். பெரிய கிடாரம் ஒன்று அடிப்பிடித்து வீணானது. வேறொன்று வாங்க வேண்டும்.

சரி, மலைப் பயணத்துக்கு வருகிறேன்.

பெப்ரவரிக் கூட்டத்தில் இந்த யோசனை வந்தபோதே எதிர்ப்பும் கூடவே வந்தது. “நம்மட கடற்கரையில குப்பை கிடக்க, மலைக்குப் போயா குப்பை பொறுக்கப் போறீங்கள், தம்பி?” என்று மூத்த அங்கத்தவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. “பிள்ளைகள் ஒருக்கால் காட்டைப் பார்க்கட்டும் ஐயா” என்று மழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். இப்போது பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்டிப் பெரஹரா முடிந்த கையோடு, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் நக்கிள்ஸ் மலைக்கும் சிங்கராஜா மழைக்காட்டுக்கும் தொண்டு வேலைக்குப் புறப்பட்டோம். ஐந்து நாள், 22 பேர், அதில் ஒன்பது பேர் பெண்கள். ஜனாதிபதித் தேர்தல் பிரசாரம் சூடுபிடித்திருந்த நேரம் என்பதால் பஸ்ஸில் பதாகை கட்ட வேண்டாம் என்று தலைவர் கண்டிப்பாகச் சொன்னார். யாரோ ஒருவர் கேட்காமல் கட்டி, தம்புள்ளையில் ‘எந்தக் கட்சி?’ என்று விசாரிக்கப்பட்ட பிறகு கழற்றினோம்.

பஸ்ஸின் பின் ஆசனங்களில் ஆட்கள் இல்லை, 60 மரக்கன்றுகள் இருந்தன. வேம்பு, மருது, இலுப்பை. இந்த யோசனை முழுக்க என்னுடையது, அதனால் பழியையும் நானே ஏற்கிறேன். காட்டுக்குப் போகிறோம், தொண்டு செய்யப் போகிறோம், மரம் நடாமல் வருவதா என்று நினைத்தேன். ரத்தோட்டை தாண்டி ரிவஸ்டன் மலைக்கு ஏறும் வழியில் வன இலாகா உத்தியோகத்தர் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. இவற்றில் ஒன்றுகூட இங்கே இறங்கக் கூடாது என்றார். சிங்களம் நன்றாகத் தெரிந்த நமது உப செயலாளர்தான் மொழிபெயர்த்தார். வறண்ட நாட்டு மரத்துக்கு ஈரக் காட்டில் வேலை இல்லை. கன்று ஒன்றுமில்லாவிட்டாலும் அதன் பையிலுள்ள மண்ணோடு எந்த விதை, எந்தப் பூஞ்சணம், எந்த நத்தை முட்டை வருமென்று யாருக்குத் தெரியும்? பிறகு வீதியோரத்து பைன் மரங்களைக் காட்டினார். முந்திய தலைமுறையில் யாரோ நல்லெண்ணத்தோடுதான் அவற்றையும் நட்டார்கள் என்றார். மரத்தடியில் ஊசியிலைச் சருகு மெத்தைபோல் கிடந்தது, சுற்றியுள்ள காட்டில் இருக்கும் நெருக்கம் அங்கே இல்லை.

“நட வேண்டாம், பிடுங்க ஆள் வேண்டும்” என்றார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நக்கிள்ஸ் மலைத்தொடரைப் பற்றி இரண்டு வார்த்தை. கைமுட்டியை மடக்கினால் தெரியும் கணுக்கள் மாதிரி இருப்பதால் வெள்ளைக்காரர் வைத்த பெயர் அது, சிங்களத்தில் தும்பர. அதில் மிக உயர்ந்தது 1906 மீற்றர் உயரமான கொம்பானிய. ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாத மலைக் காடு ஆகியவற்றோடு சேர்த்து 2010இல் இதையும் உலக மரபுரிமையாக அறிவித்தார்கள். ஏலக்காய்க்காக அடிக்காட்டை வெட்டித் துப்புரவாக்கிய இடங்களில் இன்னும் ஏலச் செடி நிற்கிறது.

ரிவஸ்டன் கணவாயில் நின்றபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. மேற்குப் பக்கம் முழுக்க மூடுபனி. மரமெல்லாம் பாசி பிடித்துக் குட்டையாக, சொட்டச் சொட்ட நிற்கிறது. காற்று ஆளைத் தள்ளுகிறது. ஒருவருடைய தொப்பி போனது போனதுதான். அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் பஸ்ஸில் இறங்கி பிட்டவல பத்தனைப் புல்வெளிக்கு வந்தால் வெயில், காய்ந்த புல், வறண்ட கல். அதே காற்று, ஆனால் ஈரம் இல்லை. முகத்தில் அடித்த அந்தச் சூட்டை 22 பேருக்கும் தெரியும். நமது கச்சான் காற்று! தென்மேற்கிலிருந்து வரும் மழைக்காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து தண்ணீரை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, இறங்கும்போது காய்ந்து சூடாகி நம்மிடம் வருகிறது. ஆனி, ஆடியில் நாம் திண்ணையில் இருந்து திட்டும் காற்று, நமக்குரிய மழையை விட்டுவிட்டு வரும் இடம் அதுதான்.

விட்ட தண்ணீர் எங்கே போகிறது? அந்தச் சரிவுகளில் பிறக்கும் ஆறுகள் அம்பன் கங்கையிலும் மகாவலியிலும் சேர்கின்றன. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி நமது கொட்டியாரக்குடாவில் கடலில் விழுகிறது. அம்பன் கங்கையை எலஹெரவில் மறித்துத் திருப்பிய தண்ணீர், பழைய அரசர் காலத்து வாய்க்கால் தடத்தில் மின்னேரியா வழியாகக் கந்தளாய்க் குளம்வரை வருகிறது. கந்தளாய்த் தண்ணீர் நமது குழாயில். ஐயா கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: காற்றில் வர மறுத்தது ஆற்றில் வருகிறது, அது வரும் வழியில் மற்ற ஊர்க்காரரோடு சேர்ந்து நாமும் குப்பை போடுகிறோம். புல்வெளியிலும் நடைபாதையிலும் ஒன்றரை நாளில் 31 சாக்குக் கட்டினோம். பெரும்பாலும் தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட் உறை, லஞ்ச் சீற். மூன்று போத்தல்களில் திருகோணமலைக் கடையொன்றின் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன், குற்றம் கடையினதும் அல்ல.

இரண்டாம் நாள் மாலை ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்குப் போனோம். சுவருக்கு வண்ணம் பூச என்று பெயின்ற் வாளியோடு போனால், அதிபர் மரியாதையாக, “பெயின்ற் இருக்கட்டும், தண்ணீர்த் தாங்கிக் குழாய் ஆறு மாதமாக ஒழுகுகிறது” என்றார். குழாய் வேலை தெரிந்த நமது அங்கத்தவர்கள் இருவர் இரண்டு மணித்தியாலத்தில் அதைச் சரிசெய்தார்கள். மற்ற 20 பேரும் பிள்ளைகளோடு எல்லே என்ற பந்தடி விளையாட்டு விளையாடித் தோற்றோம். இந்தப் பிள்ளைகளின் மூதாதையர் கோப்பித் தோட்டக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காடு வழியாக நடந்து வந்தவர்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். அங்கே ஒரு சிறுமி, “கடல் தண்ணி நெசமாவே உப்புக் கரிக்குமாண்ணே?” என்று கேட்டாள். அடுத்த வருடம் அந்தப் பிள்ளைகளை இங்கே அழைப்பது பற்றி நிர்வாக சபை பேசியிருக்கிறது. பணம்தான் கேள்வி.

மூன்றாம் நாள் முழுவதும் பஸ். இதில் ஒரு மனக்குறை உண்டு. இரண்டு சாரதி தருவதாகச் சொல்லி முற்பணம் வாங்கிய வாகனக்காரர் ஒருவரைத்தான் அனுப்பினார். இரத்தினபுரி தாண்டும்போது அந்த மனிதருக்குக் கண் சொருகியது. நிறுத்தி இரண்டு மணித்தியாலம் தூங்க வைத்தோம். இனிமேல் எழுத்தில் வாங்காமல் ஒரு சதமும் கொடுப்பதில்லை என்று தீர்மானம் எடுத்திருக்கிறோம்.

சிங்கராஜாவுக்கு குடாவை நுழைவாயிலால் போனோம். 1970களில் பலகைத் தொழிற்சாலைக்காக இயந்திரம் கொண்டு மரம் வெட்டிய காடு இது. மக்கள் எதிர்ப்பால் 1977இல் வெட்டு நின்றது. 1988இல் உலக மரபுரிமையானது. மரம் இழுத்த பாதையில்தான் இன்று ஆட்கள் நடக்கிறார்கள். வழிகாட்டி அக்கிராமத்து அண்ணன் ஒருவர். “இப்ப பாருங்க” என்று கையைக் காட்டி நிறுத்தினார். சில வினாடியில் பல இனப் பறவைகள் ஒன்றாகக் கூட்டம் சேர்ந்து, கீழே சருகைக் கிளறுவதும் மேலே கிளையைத் தட்டுவதுமாக எங்களைக் கடந்து போயின. நீல உடம்பும் சிவந்த அலகுமாக ஒன்று வந்தது, சிங்களத்தில் கெஹிபெல்லா என்கிறார்கள். ஐந்து நிமிடம் யாரும் கைபேசியை எடுக்கவில்லை. நமது இளைஞர்களைத் தெரிந்தவர்களுக்கு இதன் பெறுமதி புரியும்.

காட்டு அட்டைக்கடி பற்றிச் சொல்லாவிட்டால் போனவர்கள் என்னை விடமாட்டார்கள். உப்புக் கட்டி, சவர்க்காரம், தேசிக்காய், சித்தாலேப தைலம் என்று ஆளுக்கொரு வைத்தியம். அட்டை எல்லாருக்கும் சமமாகவே ஏறியது. நகத்தால் சுரண்டி விடுங்கள், உப்பைக் காட்டில் கொட்டாதீர்கள் என்றார் வழிகாட்டி.

அங்கேதான் பிடுங்கும் வேலை. கிளிடெமியா என்று அமெரிக்கப் பக்கத்துச் செடி ஒன்று. இலையெல்லாம் மயிர், கருநீலச் சின்னப் பழம். வெட்டிய இடம், வெளிச்சம் விழுந்த இடம் எல்லாம் பிடித்துக்கொள்கிறது. பறவை தின்று விதையைப் பரப்புகிறது. வேரோடு இழுக்க வேண்டும், பழம் சிந்தாமல் சாக்கில் போட வேண்டும். ஒரு பகல் முழுக்க, மழையோடு, பாதையோரம் ஏறத்தாழ 200 மீற்றர் செய்தோம். காட்டின் அளவுக்கு அது ஒன்றுமே இல்லை. மாலையில் தங்கிய வீட்டு அம்மா நாங்கள் கொண்டுபோன நெத்தலிக் கருவாட்டுக்குப் பதிலாக கித்துள் பாணி ஒரு போத்தல் தந்தார். பேரம் எங்களுக்கே இலாபம்.

ஒருவருக்குப் பிட்டவலவில் கணுக்கால் சுளுக்கியதைத் தவிர வேறு காயமில்லை. தலைக்கு 14,000 ரூபா பிரித்தோம், அதில் பாதிக்கு மேல் பஸ்ஸுக்குப் போனது. விபரம் கணக்கறிக்கையில்.

60 கன்றும் ஐந்து நாள் ஊர் சுற்றிவிட்டு எங்களோடேயே திரும்பின. 41 உயிரோடு வந்தன. செப்டெம்பரில் சங்கக் காணியைச் சுற்றி நட்டோம். மாரிமழை பிடித்த பிறகு 33 நிற்கின்றன, மிச்சத்தை ஆடு தின்றது. வேலி போட அங்கத்தவர்கள் கம்பி தந்து உதவ வேண்டும்.

ஐயாவின் கேள்வியில் பாதி இன்னும் மிச்சம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆகஸ்டில் உப்புவெளிச் சிரமதானம் நடக்கவில்லை, ஏனென்றால் அங்கே வழமையாக வரும் ஆட்கள்தான் மலைக்கும் வந்தார்கள். அடுத்த பயணத்தை சிரமதானம் இல்லாத வாரத்தில் வைப்பதென்று திகதி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக ஒன்று. சங்கத்தின் மழைக்கோட்டு மூன்றும் தறப்பாள் ஒன்றும் இன்னும் திரும்பி வரவில்லை. யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அடுத்த கூட்டத்துக்கு முன் கொண்டு வந்து தந்தால் பெயர் வாசிக்க மாட்டேன்.

செயலாளர்,
திருகோணமலை.