கொப்பியில் பெயர் எழுதிவிட்டுத் திரும்பிப் போனவர்களுக்கு

மட்டக்களப்பு, 2019 ஜூன்

ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு நடந்த அன்று வெயிலில் வரிசையாக நின்றும் இரத்தம் கொடுக்காமலே வீடு திரும்ப வேண்டி வந்தவர்களே, முதல் நன்றி உங்களுக்கு. கொடுத்தவர்களுக்கு நன்றி அதற்கு அடுத்ததாகத்தான். இது பிழையான ஒழுங்கு என்று சிலர் கோபிக்கலாம். தெரிந்துதான் இப்படி எழுதுகிறோம்.

உயிர்த்த ஞாயிறு காலையில் நடந்ததை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். குண்டு வெடித்த சீயோன் தேவாலயத்திலிருந்து தூக்கி வரப்பட்டவர்களுக்கு முதல் மணித்தியாலங்களில் ஏற்றப்பட்டது அன்று வரிசையில் நின்றவர்களின் இரத்தம் அல்ல. கையிலிருந்து எடுத்ததை அப்படியே இன்னொருவருக்கு ஏற்ற முடியாது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்துக்கும் பரிசோதிக்க வேண்டும். வகை பார்த்து, சுழற்றிச் செங்குழியம் வேறு, பிளாஸ்மா வேறு, சிறுதட்டு (பிளேட்லெட்) வேறு என்று பிரிக்க வேண்டும். அதற்கே பல மணித்தியாலம் போய்விடும். முதல் நாளைத் தாங்கியவை குளிரூட்டியில் ஏற்கெனவே இருந்த பைகள். எந்த அவசரமும் இல்லாத ஒரு நாளில், ஏதோவொரு பாடசாலை மண்டபத்திலோ விகாரையிலோ கோயில் மடத்திலோ யாரோ கொடுத்துவிட்டு மறந்துபோன இரத்தம் அது. இந்த நாட்டில் 2014 முதல் சேர்கிற இரத்தம் முழுவதும் காசு வாங்காமல் தாமாக முன்வந்து கொடுப்பவர்களுடையது. அந்த முகம் தெரியாதவர்களுக்கும் எங்கள் நன்றி.

இனி வரிசைக்கு வருவோம். ஒரு பையில் எடுப்பது 450 மில்லிலீற்றர். செங்குழியத்தை 2 முதல் 6 பாகை செல்சியஸில் வைத்தால், பையின் வகையைப் பொறுத்து 35 நாளோ 42 நாளோ இருக்கும். சிறுதட்டுக்கு ஐந்தே நாள். அதையும் குளிரில் வைக்கக்கூடாது, அறை வெப்பநிலையில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஊர் முழுக்க ஒரே நாளில் கொடுத்தால் எல்லாப் பையும் ஒரே கிழமையில் காலாவதியாகும். கொடுத்தவர்கள் நான்கு மாதத்துக்குத் திரும்பக் கொடுக்க முடியாது. ஆனால் குண்டுக் காயத்துக்கு ஒரு சத்திரசிகிச்சையோடு வேலை முடிவதில்லை. காயத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து கழுவ வேண்டும், அழுகிய தசையை வெட்ட வேண்டும், எரிந்த இடத்துக்குத் தோல் வைக்க வேண்டும். மே மாதத்திலும் இரத்தம் தேவை, ஜூனிலும் தேவை.

நெரிசலில் வேறு பிழைகளும் வரும். படிவத்திலும் பையிலும் மாதிரிக் குழாய்களிலும் ஒரே இலக்கம் ஒட்ட வேண்டும். ஒன்று மாறினாலும் பையை எறிய வேண்டியதுதான். சாப்பிடாமல் வந்து வெயிலில் நின்றவர் ஊசி ஏறியதும் மயங்கி விழுவார். ஓட்டம் இடையில் நின்று பை அரைகுறையாக நிரம்பினால், உறையாமலிருக்க உள்ளே விட்டிருக்கும் மருந்தின் அளவு இரத்தத்துக்கு மிஞ்சிவிடும், அந்தப் பையைப் பெரும்பாலும் கழிக்க வேண்டி வரும். இதையெல்லாம் அழுதுகொண்டு நிற்கும் ஒரு கூட்டத்துக்கு யார் விளக்குவது? "போதும், போங்கோ" என்று சொன்னால் அது எவ்வளவு பெரிய அவமதிப்பாகக் கேட்கும்!

அவமதிக்காமல் அவர்களைத் திருப்பி அனுப்பிக் காட்டியவர் ஓட்டோ ஓட்டும் ஒரு தம்பி. பெயர் போடவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடைசியாகக் கொடுத்து நான்கு மாதம் ஆகாததால் படிவம் நிரப்பும் மேசையிலேயே அவரைத் திருப்பிவிட்டார்கள். போயிருக்கலாம். அவர் எதிர்க்கடையில் ஒரு சி.ஆர். கொப்பி (தடித்த அட்டை போட்ட கொப்பி) வாங்கி, அடையாள அட்டையின் விளிம்பை வைத்துக் கோடு போட்டு, வரிசையின் கடைசியிலிருந்து பெயர் எழுதத் தொடங்கினார். முன்னாலிருந்து அல்ல, கடைசியிலிருந்து. கடைசியில் நிற்பவருக்குத்தான் எப்படியும் முறை வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஐந்து நிரல்: பெயர், தொலைபேசி, இரத்த வகை, கடைசியாகக் கொடுத்த திகதி, எப்போது வரலாம். வகை தெரியாதவருக்கு வெறும் கோடு. நெகட்டிவ் வகைக்காரருக்குச் சிவப்புப் பேனையால் வட்டம். நம்மவர்களில் நெகட்டிவ் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான், அவர்களை ஒரே நாளில் செலவழித்துவிடக்கூடாது. ஆனால் கொப்பியின் உயிர் கடைசி நிரலில்தான் இருந்தது. "இரவு வேலை, பகலில் எடுக்கவும்." "மகளின் பரீட்சை முடிய." முஸ்லிம் ஊர்களான காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வந்து நின்ற பலரின் பெயருக்கு எதிரே ஒரே வரி: "பெருநாளுக்குப் பிறகு."

நோன்பு தொடங்க அப்போது இரண்டு கிழமைதான் இருந்தது. நோன்போடு இரத்தம் கொடுப்பது உடம்புக்கு நல்லதல்ல, இரத்த வங்கிகளும் அந்த மாதத்தில் அதை எதிர்பார்ப்பதில்லை. ஜூன் 5 பெருநாள். 42 நாள் கணக்கை எடுத்தாலும் ஏப்ரல் 21இல் சேர்ந்த செங்குழியத்தின் ஆயுள் ஜூன் 2உடன் சரி. குளிரூட்டியின் தட்டு காலியாகும் அதே கிழமையில்தான் "பெருநாளுக்குப் பிறகு" என்று எழுதியவர்களின் முறை வந்தது. திட்டம் போட்டு இப்படி அமைத்திருக்க முடியாது.

அவர்கள் வந்தார்கள். முஸ்லிம்களைச் சந்தேகத்தோடு பார்க்கும் இந்த நாட்களில் காத்தான்குடி முகவரி உள்ள அடையாள அட்டையை நீட்டிச் சோதனைச் சாவடி கடப்பது எப்படியிருக்கும் என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பையைக் கொட்டிக் காட்டிவிட்டு, கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு, இங்கே வந்து மறுபடியும் ஒரு படிவத்தில் தங்கள் விபரம் எழுதி, கையை நீட்டினார்கள். அந்த இரத்தம் யாருக்குப் போனது என்று அவர்களும் கேட்கவில்லை, பையில் அது எழுதப்படுவதுமில்லை.

மற்றவர்களைத் தனித்தனியே சொல்ல இடமில்லை, மன்னிக்கவும். ஊசி போட்ட இடத்தைத் தடவிக்கொண்டே அடுத்தவரைக் கூப்பிட்ட தாதியருக்கும், இலக்கம் ஒட்டிய ஆய்வுகூடத்தாருக்கும், ஐஸ் நேரே பையில் படாமல் இடையில் அட்டை வைத்துப் பெட்டி கட்டியவர்களுக்கும் (ஐஸ் பட்டு உறைந்தால் குழியம் உடைந்துபோகும்), கதிரை தந்த பாடசாலைக்கும், சீனி கூட்டிப் பிளேன்ரீயும் பணிசும் தந்த கடைகளுக்கும், சிங்களத்தில் படிவம் நிரப்ப உதவிய பிள்ளைகளுக்கும் நன்றி. முகநூலும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டிருந்த நாட்களில் ஒலிபெருக்கி கட்டிய வாகனத்தில் போய் "இன்றைக்குப் போதும், நாளை மறுநாள் வாங்கோ" என்று அறிவித்தவருக்குத் தனி நன்றி. "இரத்தம் இல்லை, ஓடி வாங்கோ" என்ற வதந்திக்கு அவர் குரல் ஒன்றுதான் மறுப்பாக இருந்தது.

கொப்பியை இப்போது நாங்கள் வைத்திருக்கிறோம். அது கற்றுத்தந்த முறையிலேயே தொடர்கிறோம். 20 பை வேண்டுமென்றால் 30 பேரைக் கூப்பிட வேண்டும். சிலருக்குக் காய்ச்சல் இருக்கும், சிலருக்கு நீலக் கரைசலில் விட்ட இரத்தத்துளி 15 விநாடிக்குள் தாழாமல் மிதக்கும். மிதந்தால் ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12.5 கிராமுக்குக் குறைவு, அன்று எடுக்க மாட்டார்கள். அழைப்பு முகாமுக்கு முந்தின நாள் பின்னேரம். எடுக்காதவருக்கு இரவில் ஒரு முறை, அதோடு விட்டுவிடுவது. கடன்காரரைப் போலத் துரத்தினால் அடுத்த தடவை வரமாட்டார்.

அடுத்த வருடம் ஏப்ரல் 21 வரும். வெள்ளைக் கொடி கட்டுவோம். இந்த வருடம் 23ஆம் திகதி காலை 8.30க்கு நின்றது போல மூன்று நிமிடம் நிற்போம். ஆனால் நினைவாக இரத்தம் கொடுக்க நினைப்பவர்கள் எல்லோரும் அன்றைக்கே வரவேண்டாம். ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர், மீண்டும் ஏப்ரல் என்று நான்கு மாதச் சுற்று தானாகவே நினைவு நாளுக்குத் திரும்பி வருகிறது. கொப்பியில் உள்ளவர்களைப் பல கிழமைகளாகப் பிரித்து அந்தச் சுற்றில் நடத்துவதென்று முடிவெடுத்திருக்கிறோம். யாருடைய கிழமை எப்போது வந்தாலும் அதுவும் நினைவு முகாம்தான்.

ஏப்ரல் 21 அன்று கொடுத்தவர்களுக்கு ஓகஸ்ட் 21 முதல் மீண்டும் அழைப்பு வரும். வயது 18 முதல் 60 வரை, எடை 50 கிலோவுக்குக் குறையக்கூடாது. வருவதற்கு முந்திய நான்கு மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டிருக்க வேண்டும், இரண்டு கோப்பை தண்ணீர் குடித்திருக்க வேண்டும். அடையாள அட்டையும் இரத்ததான அட்டையும் கொண்டுவாருங்கள். மருந்து எடுப்பவர்கள் மருந்துத் துண்டையும் கொண்டுவாருங்கள். கொடுத்த பிறகு கால்மணி நேரமாவது இருந்துவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளில் ஏற வேண்டும். வரமுடியாவிட்டால் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். அடுத்த பெயரைக் கூப்பிட எங்களுக்கு அந்தப் பின்னேரம் வேண்டும்.

இரத்ததான முகாம் ஏற்பாட்டுக் குழுவினர்