நீக்கச் சொல்லி உத்தரவு வந்தால்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடமிருந்து வழக்கமாக வரும் மடல்களில் சர்வர் பராமரிப்பு எத்தனை மணிக்கு, டொமைனை எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பது போன்ற சங்கதிகள்தான் இருக்கும். இந்த மடல் வேறு மாதிரி. எங்கள் சர்வர்களில் இணையக் குழுமம் நடத்தும் உங்களில் பலர் சில வாரங்களாக ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறீர்கள். அரசை விமர்சித்து உறுப்பினர் ஒருவர் எழுதியதை நீக்கச் சொல்லி உத்தரவு வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள், நாங்கள் என்ன செய்யலாம் என்று. தனித்தனியாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தோம். எல்லாருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் எங்கள் பக்கத்தைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் சிறிய நிறுவனம். உரிய அதிகாரியின் பெயரும் சட்டப் பிரிவும் குறிப்பிட்டு முறையான உத்தரவு வந்தால், அதை மீறி ஒரு பக்கத்தைக் காப்பாற்றி வைக்க எங்களால் முடியாது. மீறினால் மொத்த சர்வரையும் எடுத்துப் போவார்கள். அதில் இருக்கும் மற்றவர்களின் தளங்களும் சேர்ந்து போகும். ஆனால் உத்தரவுப்படி நடப்பது வேறு, காதும் காதும் வைத்தாற்போல் துடைத்துவிடுவது வேறு. இரண்டாவதை நாங்கள் செய்ய மாட்டோம்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, பத்தரை மணி இருக்கும். ஓர் அலுவலகத்தின் பெயரைச் சொல்லி ஒருவர் போனில் பேசினார். நிவாரணப் பணம் எங்கே போனது என்று கணக்குக் கேட்டு ஒரு குழுமத்தில் ஓர் இழை ஓடிக்கொண்டிருந்தது. காலைக்குள் அது இருக்கக் கூடாது, யாருக்கும் சொல்லவும் வேண்டாம் என்றார். எழுத்தில் அனுப்புங்கள், எந்தப் பிரிவின்கீழ் கேட்கிறீர்கள் என்று குறிப்பிடுங்கள் என்றோம். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் "அனுப்புகிறோம்" என்று வைத்துவிட்டார். குழும நிர்வாகிக்கு அன்றிரவே தகவல் சொன்னோம். உத்தரவு இன்றுவரை வரவில்லை. அந்த இழை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது; போன வாரம்கூட இரண்டு புதிய மறுமொழிகள் வந்திருந்தன.

எல்லா முறையும் இப்படி முடியாது என்று தெரியும். ஆனாலும் வாய்வார்த்தையாக வரும் மிரட்டலுக்கு யாரும் எதையும் நீக்கிவிடாதீர்கள். உங்களுக்கு நேரடியாக அப்படி அழைப்பு வந்தாலும் எழுத்தில் கேளுங்கள். தேதி, நேரம், பேசியவர் சொன்ன பதவி எல்லாவற்றையும் கையோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தில் உத்தரவு வந்தால், நீக்கிய இடத்தைக் காலியாக விட மாட்டோம். 2011 வரை துனிசியாவில் தடை செய்யப்பட்ட பக்கத்தைத் திறந்தால் "404, பக்கம் கிடைக்கவில்லை" என்ற பிழைச் செய்திதான் வரும். தடை என்ற சொல்லே அதில் இருக்காது. ஏதோ லிங்க் உடைந்துபோனது போலத் தோன்றும். அங்கிருந்த இணையப் பயனர்கள் அந்த முகமில்லாத தணிக்கையாளருக்கு "அம்மார் 404" என்று பெயர் சூட்டினார்கள். 2010-இல் "எங்களை விடு, அம்மார்" என்று இயக்கமே நடத்தினார்கள். பெயர் வைத்த பிறகு, நடப்பது பிழையல்ல, தணிக்கை என்று ஊருக்கே தெரிந்துபோனது. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐ.ஈ.டி.எஃப் அமைப்பு 2016-இல் 451 என்ற தனிக் குறியீட்டை வெளியிட்டது. சட்டக் காரணத்துக்காக இந்தப் பக்கம் கிடைக்காது என்பது அதன் பொருள். நீக்கும்படி கேட்டது யார், எந்தச் சட்டத்தின்கீழ் என்பதையும் அதே பக்கத்தில் சொல்ல வேண்டும் என்று அந்த விதி பரிந்துரைக்கிறது. நாங்களும் அதைத்தான் செய்வோம். சட்டம் இடம் கொடுக்கும் இடங்களிலெல்லாம் உத்தரவின் நகலை உங்களுக்கு அனுப்புவோம். இப்படிப்பட்ட கோரிக்கைகளைச் சேகரித்து வைக்கும் லூமன் தரவுத்தளத்துக்கும் அனுப்புவோம்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. பிரதி எடுத்து வைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரியது என்று நினைக்கிறோம். 2020 மார்ச்சில் சீனப் பத்திரிகை ஒன்று வூஹான் மருத்துவர் ஆய் ஃபென்னின் பேட்டியை வெளியிட்டது. புதிய நோயைப் பற்றி முன்கூட்டியே சொன்னதற்காகத் தன்னைக் கண்டித்தார்கள் என்று அதில் பேசியிருந்தார். சீக்கிரமே பேட்டியை நீக்கிவிட்டார்கள். மக்கள் அதை மறுபடி மறுபடி ஏற்றினார்கள். தேடித் தேடி அழிக்கும் மென்பொருளுக்குப் புரியக் கூடாது என்று எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கினார்கள். மோர்ஸ் குறிகளில் எழுதினார்கள், எமோஜிகளைக் கலந்து எழுதினார்கள். இதெல்லாம் நடந்ததற்குக் காரணம், நீக்குவதற்கு முன்பே யாரோ சிலர் முழுப் பேட்டியையும் எடுத்து வைத்திருந்ததுதான். நீக்கிய பிறகு பிரதி எடுக்க முடியாது. அதனால் வாரம் ஒரு முறையாவது குழுமத்தின் பேக்கப்பை டவுன்லோடு செய்து எங்கள் சர்வருக்கு வெளியே வையுங்கள். கோப்பின் ஷா-256 கைரேகையையும் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் குறியீட்டு வரிசை) கூடவே குறித்து வையுங்கள். பின்னால் யாராவது "இது திருத்தப்பட்ட பிரதி" என்று சொன்னால் ஒப்பிட்டுக் காட்டலாம்.

ஆனால் இங்கேதான் எங்களை உறுத்தும் ஒன்று இருக்கிறது. நீக்கப்பட்டதைப் பத்து இடங்களில் ஏற்றுவது வெளியே பாதுகாப்பாக உட்கார்ந்திருப்பவருக்குச் சுலபம். எழுதியவர் இன்னும் அதே அதிகாரத்தின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கலாம். ஒவ்வொரு புதிய பிரதியும் அவர்மேல் இன்னொரு விசாரணையைக் கொண்டுவரலாம். பரப்புவதற்கு முன் எழுதியவரைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், அது கோழைத்தனம் என்று யாரும் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆபத்து யாருக்கோ, முடிவும் அவருடையது.

இதையொட்டி இன்னொன்று. நம்மிடம் இல்லாத தகவலை யாராலும் பிடுங்க முடியாது. நாங்கள் ஐபி முகவரி (எந்த இணைப்பிலிருந்து வந்தார்கள் என்று காட்டும் எண்) இருக்கும் வருகைப் பதிவுகளை ஏழு நாளில் அழித்துவிடுகிறோம். நீங்களும் உறுப்பினர்களிடம் உண்மைப் பெயர், போன் எண் கேட்பதை நிறுத்துங்கள். பழைய தனிச் செய்திகள் தானாக அழியும்படி அமைத்துவிடுங்கள். எப்படி என்று தெரியாவிட்டால் கேளுங்கள், செய்து தருகிறோம்.

தளத்தையே முடக்கினால்? 2014 மார்ச்சில் துருக்கியில் ட்விட்டரைத் தடுத்தபோது மக்கள் கூகுள் டிஎன்எஸ்ஸின் (தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரி எண்ணைத் தேடித் தரும் சேவை) 8.8.8.8 என்ற எண்ணைச் சுவர்களில் எழுதிவைத்தார்கள். சில நாள்களில் அந்த வழியையும் அடைத்தார்கள். 2011 ஜனவரி இறுதியில் எகிப்தில் ஏறக்குறைய மொத்த இணையத்தையும் ஐந்து நாள் நிறுத்தினார்கள். தரைவழித் தொலைபேசி வேலை செய்தது. அதன் வழியாக வெளிநாட்டு டயல்-அப் எண்களைப் பிடித்து இணையத்துக்கு வந்தவர்கள் உண்டு. தடை வந்த பிறகு மாற்று வழியை அறிவிக்க முடியாது, ஏனென்றால் அறிவிக்கும் இடமே போயிருக்கும். இரண்டாவது டொமைன், மின்னஞ்சல் பட்டியல், டோர் (அடையாளத்தை மறைத்து இணையத்தில் உலவ உதவும் வலையமைப்பு) முகவரி என்று எதுவாக இருந்தாலும் இப்போதே உறுப்பினர்களிடம் சொல்லி வையுங்கள்.

எதிர்ப்பைக் காட்டத் தளத்தை ஒரு நாள் மூடலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 2012 ஜனவரி 18 அன்று ஒரு சட்ட மசோதாவை எதிர்த்து ஆங்கில விக்கிப்பீடியா 24 மணி நேரம் இருண்டபோது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு உறைத்தது உண்மைதான். உலகமே தேடி வரும் தளம் அது. நூறு பேர் வந்துபோகும் குழுமம் தன்னைத்தானே மூடிக்கொண்டால், மூட நினைத்தவருக்கு வேலை மிச்சம். எங்களுக்கு அதே விக்கிப்பீடியா துருக்கியில் செய்ததுதான் அதிகம் பிடித்திருக்கிறது. 2017 ஏப்ரலில் அங்கே முழுத் தளத்தையும் தடுத்தார்கள். அரசு நீக்கச் சொன்ன கட்டுரைகளை எடுத்துவிட்டு உள்ளே போகாமல் விக்கிப்பீடியா தரப்பினர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்தத் தடை உரிமை மீறல் என்று 2019 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்ல, 2020 ஜனவரி 15 அன்று தளம் மீண்டும் திறந்தது. ஏறக்குறைய மூன்று வருடம் பொறுத்திருந்தார்கள்.

சரி, உடனே ஆக வேண்டிய வேலை ஒன்று. உங்கள் கணக்கில் "அவசரத் தொடர்பு" என்று புதிய கட்டம் சேர்த்திருக்கிறோம். உங்கள் டொமைனைச் சாராத மின்னஞ்சல் முகவரி ஒன்றை அதில் இந்த மாத முடிவுக்குள் எழுதிவிடுங்கள். உத்தரவு எந்த நேரத்தில் வந்தாலும், அதில் கை வைப்பதற்கு முன் அந்த முகவரிக்கு எங்கள் தகவல் வரும்.

அன்புடன்,
உங்கள் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் குழுவினர்