சி வகை எச்.ஐ.வி.யின் டாட், ரெவ் மரபணுக்களையும் படிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எச்.ஐ.வி.யை உடலிலிருந்து அடியோடு அகற்றும் ஆய்வுகள் பற்றி அடிக்கடி செய்திகள் வருகின்றன. எந்தத் துணைவகைக் கிருமியில் சோதனை நடந்தது என்பதை மட்டும் அவை சொல்வதில்லை. இந்தியாவில் பரவியிருப்பது பெரும்பாலும் சி துணைவகை. செல்லுக்குள் செயலற்று உறங்கும் கிருமியை ஆராய உலகெங்கும் பயன்படும், ஆய்வகத்தில் வளர்க்கும் ஜே-லாட், ஏசிஎச்-2, யு1 ஆகிய செல் வரிசைகள் மூன்றிலும் இருப்பது பி வகை.

எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. கூட்டு மாத்திரை எடுப்பவர்கள் இதனால் கவலைப்பட வேண்டாம். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் கூட்டு மருந்து சி வகையையும் நன்றாகக் கட்டுப்படுத்துகிறது. உறங்கும் கிருமியை எழுப்புவது அல்லது நிரந்தரமாகப் பூட்டுவது என்று வரும்போதுதான் வேறுபாடு முக்கியமாகிறது. அந்தச் சாவி, கிருமியின் மரபணுக்களை முடுக்கிவிடும் டாட் என்ற கிருமிப் புரதத்திடமும், அது இயக்கும் எல்.டி.ஆர். என்ற கிருமி மரபணுத்தொகுப்பின் முனைப் பகுதியிடமும் இருக்கிறது. அந்தப் பகுதியில் நம் செல்லின் என்.எஃப்.-கப்பா-பி புரதம் வந்து ஒட்டும் இடங்கள் பி வகையில் வழக்கமாக 2, சி வகையில் 3. நான்கு இடங்கள் கொண்ட இந்திய சி கிருமிகளும் பதிவாகியுள்ளன.

டாட்டில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஏழு இடங்களில் உண்டு. இந்திய சி வகையில் 31-ஆம் இடத்துச் சிஸ்டீன் பெரும்பாலும் செரின் என்ற வேறு அமினோ அமிலமாக மாறியிருக்கிறது. மரபணுக்களை முடுக்கிவிடும் வேலைக்கு இந்த ஒன்று தேவையில்லை. மோனோசைட் என்ற வெள்ளை அணுக்களை ஈர்க்கத்தான் தேவை. சி வகை டாட்டுக்கு அந்த ஈர்ப்பு குறைவு என்று பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தினர் 2004-இல் காட்டினர். மூளை பாதிப்பு பற்றிய ஆய்வுகளில் இந்த ஓர் அமினோ அமிலம் இன்றும் பேசப்படுகிறது. கிருமியின் ஆர்.என்.ஏ.வை செல் கருவிலிருந்து வெளியே கொண்டுவரும் ரெவ் புரதமோ சி வகையில் வால் பக்கம் 16 அமினோ அமிலம் குட்டை.

நம் ஆய்வகங்களில் மருந்து எதிர்ப்புச் சோதனைக்கு, கிருமியின் நொதிகளுக்கான போல் (pol) மரபணுவை மட்டுமே வரிசைப்படுத்துகிறார்கள். டாட், ரெவ் இரண்டையும் அதில் பார்க்கவே முடியாது. தனியாகச் செய்பவர்களும் பல நேரம், இரண்டு துண்டாக உள்ள டாட் மரபணுவின் முதல் துண்டோடு, சுமார் 215 மரபணு எழுத்துகளோடு, நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாம் துண்டு 2,300 எழுத்துகள் தள்ளி இருக்கிறது; ரெவ்வின் குட்டை வாலும் அந்தப் பக்கம்தான். இரண்டு துண்டுகளையும் ஒரே பி.சி.ஆர்.-இல் (மரபணுவை நகலெடுத்துப் பெருக்கும் முறையில்), ஏறத்தாழ 3,000 எழுத்து நீளத்துக்குப் பெருக்கினால்தான் எந்த மாற்றம் எதனோடு சேர்ந்து வருகிறது என்று தெரியும். 215 எழுத்துகளை மட்டும் வைத்துத் துணைவகையை முடிவு செய்வதும் தவறு. இரண்டு துணைவகைகள் கலந்த கலப்பினக் கிருமிகள் அதில் தப்பிவிடும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்களில் இ.டி.டி.ஏ. உள்ள குழாயில் எடுக்க வேண்டும், ஹெப்பாரின் பி.சி.ஆர்.-ஐத் தடுக்கும். மாதிரியை நீர்க்காமல் பெருக்கிப் பத்துப் பிரதிகளை வரிசைப்படுத்தினால், பத்தும் ஒரே மூலத்தின் நகலாக இருக்கக்கூடும். அதை வைத்து நோயாளியின் கிருமிகள் பலவகைப்பட்டவை என்றோ ஒரே மாதிரியானவை என்றோ எழுதுவது வீண். ஒரு குழிக்கு ஒரே மூலம் கிடைக்கும் அளவுக்கு நீர்க்க வேண்டும்; 96 குழித் தட்டில் 29 குழிகளுக்கு மேல் பி.சி.ஆர். விளைந்தால் இன்னும் நீர்க்க வேண்டும். செல்லிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் 'ஜி' எழுத்துகள் கொத்தாக 'ஏ' ஆகியிருக்கும் வரிசைகளைத் தனியே பிரியுங்கள். அவை நம் உடலின் அபோபெக் நொதி சிதைத்தவை. டாட்டின் 11-ஆம் இடத்து டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்துக்கான குறி, அதனால் புரதத்தைப் பாதியில் முடிக்கும் நிறுத்தக் குறியாகிவிடும்.

ஒப்பீட்டுக்கு, வழக்கமாகப் பயன்படும் பி வகை எச்.எக்ஸ்.பி.2 வரிசையை மட்டும் நம்ப வேண்டாம். அந்த ஆய்வகக் கிருமியின் டாட் 86-ஆம் அமினோ அமிலத்தில் முடிகிறது, இயல்பான நீளம் 101. அதை அளவுகோலாக வைத்தால் கடைசி 15 அமினோ அமிலங்கள் ஒப்பீட்டிலிருந்தே விழுந்துவிடும். இந்தியாவில் எடுத்த சி வகை வரிசை 95ஐஎன்21068 பொதுத் தரவுத்தளத்தில் இருக்கிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-இல் கண்டறியப்பட்டது சென்னையில்தான். மருந்து எதிர்ப்புச் சோதனையில் மிஞ்சும் மாதிரிகளை, உரியவர்களின் ஒப்புதலோடு, டாட், ரெவ், எல்.டி.ஆர். வரிசைப்படுத்தலுக்கும் ஒதுக்க அரசு நிதி தர வேண்டும். பெயர், முகவரி எதுவும் வேண்டாம். மாதிரி எடுத்த ஆண்டும், சிகிச்சைக்கு முன்னா பின்னா என்ற குறிப்பும் வரிசையோடு சேர்ந்து பதிவானால் போதும்.

– வைரஸ் மரபணு ஆய்வகப் பணியாளர்கள், சென்னை