தமிழ்ப் பெற்றோர் சங்கம், மத்திய நியூஜெர்சி: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, தமிழ் வகுப்பு, கோடைக்கால பிக்னிக் எல்லாம் வழக்கம்போல நடந்தன. படங்களைப் பார்த்திருப்பீர்கள், அவற்றைப் பற்றி நீட்டப் போவதில்லை. இந்த ஆண்டு செயற்குழுவின் நேரம் பெரும்பாலும் பள்ளிகளில் இனப் பாகுபாடு, பிள்ளைகளின் உரிமை என்ற விஷயத்தில்தான் போனது. அறிக்கையும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது.

குளிர்காலத்தில் ஒரு தந்தை எங்களைத் தேடி வந்தார். மகன் மீது பள்ளியில் எச்.ஐ.பி. புகார், அதாவது சக மாணவரைத் துன்புறுத்துதல், மிரட்டுதல், கொடுமைப்படுத்துதல் பற்றிய புகார். உடன் படிக்கும் கறுப்பினப் பையனின் நிறத்தைக் கேலி செய்து குரூப் சாட்டில் எழுதியிருக்கிறான். "சங்கத்து லெட்டர்ஹெட்ல நல்ல பையன்னு ஒரு கடிதம் கொடுங்க, விட்டுடுவாங்க" என்றார். செயற்குழு அந்தக் கடிதத்தைக் கொடுக்கவில்லை. இதனால் சிலருக்கு எங்கள் மேல் வருத்தம் என்று தெரியும். ஆனால் நம் பிள்ளைகளைக் கேலி செய்தபோது நாம் கையில் எடுத்ததும் பள்ளிக் கொடுமைக்கு எதிரான இதே 2011 மாநிலச் சட்டம்தானே? நமக்கு வந்தால் உரிமை, அடுத்த வீட்டார் கேட்டால் தொல்லையா?

கடிதத்துக்குப் பதிலாக நடைமுறையைச் சொல்லிக் கொடுத்தோம். புகார் வந்தால் பள்ளியின் கொடுமைத் தடுப்பு அலுவலர் விசாரிப்பார்; எழுத்துப்பூர்வமான புகார் வந்த 10 பள்ளி நாட்களுக்குள் விசாரணை முடிய வேண்டும்; முடிவு கல்வி வாரியத்துக்குப் போகும்; திருப்தி இல்லாவிட்டால் இரு தரப்புப் பெற்றோரும் வாரியத்தின் முன் விசாரணை கேட்கலாம். பையன் நடந்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். அப்புறம் அந்தப் பையனின் தாயே எங்களிடம் சொன்னார்: "வீட்டுல நாங்க பேசுறதைத்தான் அங்க போய் எழுதியிருக்கான்." மாப்பிள்ளை பார்க்கும்போது நிறம் கேட்கும் பழக்கம் விமானம் ஏறி இங்கேயும் வந்திருக்கிறது. இதைப் பற்றி பெற்றோருக்கு மட்டும் ஒரு மாலைக் கூட்டம் வைத்தோம். வந்தவர்கள் கொஞ்சம், பேச்சு மட்டும் நள்ளிரவு வரை போனது.

மே மாதம் பிள்ளைகளை மாநிலத் தலைநகர் ட்ரென்டனுக்கு அழைத்துப் போனோம். அங்கே ஹெட்ஜ்பெத்–வில்லியம்ஸ் என்று இரண்டு தாய்மாரின் பெயரைத் தாங்கிய பள்ளி ஒன்று இருக்கிறது. கிளாடிஸ் ஹெட்ஜ்பெத், பெர்லீன் வில்லியம்ஸ் என்ற அந்த இருவரும் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஜூனியர் பள்ளியில் தங்கள் பிள்ளைகளைச் சேர்க்கப் போனார்கள். இது கறுப்பர்களுக்காகக் கட்டியதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழக்குப் போட்டு 1944இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். பொதுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்ன பிரௌன் தீர்ப்பு வந்தது 1954இல், அதற்குப் பத்து ஆண்டு கழித்து! 1947இல் எழுதிய மாநில அரசியல் சட்டம் பொதுப் பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. திரும்பும் வழியில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அப்படின்னா எங்க ஸ்கூல்ல ஏன் கறுப்பினப் பசங்க இவ்வளவு கம்மி?"

நல்ல கேள்வி. ஜூலைக் கூட்டம் இதற்காகவே கூட்டியது. இந்தச் சின்ன மாநிலத்தில் ஏறக்குறைய 600 பள்ளி மாவட்டங்கள், அதாவது பள்ளிகளைத் தனித்தனியே நடத்தும் நிர்வாகப் பகுதிகள். எந்த ஊரில் வீடோ அந்த ஊர்ப் பள்ளி என்பது சட்டம். வீட்டு விலை ஊரைப் பிரிக்கிறது, ஊர் எல்லை பிள்ளைகளைப் பிரிக்கிறது. "வெள்ளையருக்கு மட்டும்" என்ற பெயர்ப்பலகை எதுவும் தேவைப்படுவதில்லை. இதை எதிர்த்து லத்தீனோ, கறுப்பின அமைப்புகள் 2018 மே 17 அன்று, பிரௌன் தீர்ப்பின் ஆண்டு நாளில், மாநில அரசு மீது வழக்குத் தொடுத்தன. பல மாவட்டங்களில் இன ஏற்றத்தாழ்வு இருப்பதை 2023 அக்டோபரில் நீதிபதி ஏற்றார். மாநிலம் முழுவதுமே பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற வாதத்தை ஏற்கவில்லை. வழக்கு முடிந்தபாடில்லை. "நல்ல ஸ்கூல்" பார்த்து வீடு வாங்கி வந்தவர்கள் நாம் என்பதால் கூட்டத்தில் கொஞ்சம் சங்கடம் இருந்தது. இருக்கட்டும். கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கு எதிரான ஹார்வர்ட் தீர்ப்பைப் பற்றி 2023இல் பேசியபோது உட்கார இடமில்லை. ஜூலையில் பாதி நாற்காலி காலி. இதைப் பதிவு செய்ய வேண்டும் என்றே எழுதுகிறேன்.

பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு கடிதமும் எழுதினோம். கறுப்பின வரலாற்றுக்கு 2002இலும் ஆசிய அமெரிக்கர் வரலாற்றுக்கு 2022இலும் சட்டங்கள் வந்துவிட்டன. எந்த வகுப்பில் எதை நடத்துகிறீர்கள் என்று கேட்டோம். பாதிக் கேள்விக்குப் பதில் வந்தது. மீதிக்கு நினைவூட்டல் போயிருக்கிறது.

உறுப்பினர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய கல்வித் துறையிடம் புகார் செய்ய 180 நாள் அவகாசம் உண்டு. ஆனால் அத்துறையின் சிவில் உரிமை அலுவலகத்துக்கு இருந்த 12 கிளைகளில் 7ஐ மூடுவதாக 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். நம் பகுதியைக் கவனித்த நியூயார்க் கிளையும் அதில் அடக்கம். எனவே மாநில சிவில் உரிமைப் பிரிவையும் மறக்காதீர்கள். அங்கேயும் 180 நாள்தான். தொலைபேசியில் புலம்பியது கணக்கில் வராது. தேதி போட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

வரும் ஆண்டில் கல்வி வாரியக் கூட்டங்களுக்கு முறை வைத்து ஆள் அனுப்ப உத்தேசம். பக்கத்து ஊர்க் கறுப்பினப் பெற்றோர் குழு ஒன்று சேர்ந்து செயல்பட அழைத்திருக்கிறது. அதற்கான தீர்மானம் இன்று உங்கள் முன் வரும். வண்டி ஓட்டியவர்கள், சாப்பாடு கொண்டுவந்தவர்கள், சட்ட விவரங்களைச் சரிபார்த்துத் தந்த வழக்கறிஞர் நண்பர் அனைவருக்கும் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்