பாம்பனுக்குப் புறப்படும் முன் படி

அன்புள்ள செல்விக்கு,

எட்டு மாதம் பேசாமல் இருந்தது என் தப்பு. அதற்கான திட்டை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். நேற்று ராத்திரி உன் தம்பி போனில் சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரியும்: மதுரையில் ஆபரேஷன் முடிந்துவிட்டது, இரைப்பையை வெட்டிச் சின்னதாக்குகிற ஸ்லீவ், வெள்ளிக்கிழமை வீட்டுக்கு. கேட்டதும் சந்தோஷம்தான். உன் சர்க்கரைக்கும் அந்த முட்டிக்கும், ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்கார்கிறாயே அதற்கும் இது சரியான வைத்தியம். கணக்கு டீச்சர் இருந்திருந்தால் "கடைசி பெஞ்சு இப்பத்தான் கணக்கை ஒழுங்காப் போட்டிருக்கு" என்றிருப்பார்.

அவன் அடுத்துச் சொன்னதில்தான் எனக்குத் தூக்கம் போனது. ஊரில் எல்லோரிடமும், உங்க அத்தையிடமும்கூட, பித்தப்பைக் கல் ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறீர்களாமே? ஊருக்கு எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள். அத்தையிடம் அந்தப் பொய் வேண்டாம் செல்வி. காரணத்தைக் கீழே எழுதுகிறேன். இதைத் தம்பி கையில் கொடுத்தனுப்புகிறேன், வார்டில் இருக்கும்போதே படித்துவிடு. ஓடுகிற காரில் குனிந்து படித்தால் குமட்டும். உனக்கு இப்போது குமட்டவே கூடாது.

தோள்பட்டை வலிக்கிறதென்று அழுதாயாம். பயப்படாதே. வயிற்றை ஊத வைப்பதற்காக உள்ளே விட்ட கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் மிச்சம் இருந்து உதரவிதானத்தை உறுத்தும். அதற்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குவதால் வலி தோளில் தெரியும். 2, 3 நாளில் தானாகப் போய்விடும். படுத்தே கிடந்தால் இழுக்கும், நடந்தால் சீக்கிரம் கரையும். வராந்தாவில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 நிமிஷம் நட. உன் வீட்டுக்கார அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

மூன்று பந்து இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் கருவியைப் பாதிப் பேர் ஊதுகிறார்கள். அது ஊதுவதற்கில்லை, உறிஞ்சுவதற்கு. நிமிர்ந்து உட்கார், மூச்சை முழுக்க வெளியே விடு, குழாயை உதட்டில் கவ்வி மெதுவாக உள்ளே இழு. பந்து மேலே போனதும் 2, 3 விநாடி அங்கேயே நிறுத்து. மணிக்கு 10 தடவை. பிறகு தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு இருமல். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பக்கம் சுருங்கிச் சளி கட்டும், காய்ச்சல் வரும். கருவியை வீட்டுக்கும் எடுத்துப் போய் ஒரு வாரம் செய்.

டிஸ்சார்ஜ் தாளில் கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியது சில உண்டு. ரத்தம் கட்டாமல் இருக்க வயிற்றுத் தோலில் போடும் ஊசி வீட்டிலும் தொடருமா? சிலருக்கு 2 முதல் 4 வாரம் வரை எழுதுவார்கள். தொடருமென்றால் எப்படிப் போடுவதென்று அண்ணனுக்கு நர்ஸே ஒருமுறை காட்டித் தரட்டும். அடுத்து சர்க்கரை மாத்திரை. இதை விடாதே. பழைய அளவிலேயே கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு 30 மில்லி 30 மில்லியாகக் குடித்துக்கொண்டிருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். நீர் பிரிக்கிற பி.பி. மாத்திரையும் அப்படித்தான், ஏற்கெனவே தண்ணீர் போதாத உடம்பை இன்னும் வற்ற வைக்கும். எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது, எதைப் பொடித்துப் போடலாம் என்று தாளிலேயே எழுதி வாங்கு. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது. ராத்திரி மாட்டும் மூச்சுக் கருவியையும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதே.

இனி பயணம். பஸ் வேண்டவே வேண்டாம். காரில் முன் சீட்டைப் பின்னால் தள்ளி, முதுகைக் கொஞ்சம் சாய்த்து உட்கார். பெல்ட் கட்டாயம் போடு. கீழ்ப் பட்டை இடுப்பெலும்பின் மேல் வரட்டும், பட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே மடித்த துண்டு இருக்கட்டும். வேகத்தடை வருவதை டிரைவர் முன்கூட்டியே சொன்னால் தலையணையை அழுத்திக்கொள்ளலாம். வலி மாத்திரையைப் புறப்பட முக்கால் மணி நேரம் முன்பு போட்டுக்கொள். பரமக்குடி வரை நாலு வழிச் சாலை, அதுவரை அலுங்காது. மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் மூன்று இடத்திலும் இறங்கி 5 நிமிஷம் நடக்க வேண்டும். கால் நீட்டித் தூங்க ஆசையாக இருக்கும், தூங்கிவிடாதே. கெண்டைக்காலில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஓடும்போதும் கால் மணிக்கொருமுறை பாதத்தை மேலும் கீழும் 20 தடவை ஆட்டு. ரத்தம் தேங்காமல் இருக்க மாட்டிய இறுக்கமான சாக்ஸைக் கழற்றாதே. "நேரமாகுது, ஒரேயடியா போயிரலாம்" என்று அண்ணன் சொல்வார். இந்த வரியை அவரிடம் காட்டு. வேடிக்கை பார்க்கிறவர்கள் வண்டியை நிறுத்திப் பாம்பன் பாலத்தில் நெரிசல் என்றால் மண்டபத்திலேயே ஒருமுறை இறங்கி நடந்துவிடு.

வீட்டில் உனக்கு முதல் வேலை தண்ணீர். இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்தாயிற்று. மிச்சமிருப்பது வாழைப்பழம் கணக்கில் ஒரு குழாய், அதுவும் இப்போது உள்ளே வீங்கியிருக்கிறது. சொம்பை அண்ணாந்து குடிக்கிற பழக்கம் இனி கிடையாது. அண்ணாந்து குடித்தால் காற்றும் சேர்ந்து இறங்கி நெஞ்சை அடைக்கும். மருந்து ஊற்றிக் கொடுக்கும் அளவு மூடி இருக்கிறதல்லவா, அதில் 30 மில்லி கோடு போட்டதாகப் பார்த்து எடு. அதுதான் உன் டம்ளர். 20 நிமிஷத்துக்கு ஒரு மூடி; அதையும் ஒரே மடக்கில் விடாமல் 5 நிமிஷம் வைத்து உறிஞ்சு. காலை 6 மணியிலிருந்து ராத்திரி 10 மணி வரை 16 மணி நேரம், 48 மூடி, 1440 மில்லி. கணக்கு சரியாக வருகிறதா? ஒன்றரை லிட்டருக்குக் கிட்ட வந்துவிட்டது. ஒரு வேளை விட்டுப் போனால் அடுத்த வேளை சேர்த்துக் குடித்து ஈடுகட்ட முடியாது, இடமில்லை. அதனால்தான் போனில் 20 நிமிஷத்துக்கு மணி வைக்கச் சொல்கிறேன். சித்திரை வெயிலில் பாம்பனில் வேர்க்கிற வேர்வைக்கு இதுவே குறைவு. சிறுநீர் டீ டிக்காக்ஷன் நிறத்தில் போனாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ தண்ணீர் போதவில்லை. ஸ்ட்ரா வேண்டாம், சோடா வேண்டாம். வயிறு உப்புசமென்றால் உடனே கோலி சோடா உடைத்துத் தருகிற வீடு உங்களுடையது.

இங்கேதான் அத்தை வருகிறார். பித்தப்பை எடுத்தவள் மூன்றாம் நாள் இட்லி சாப்பிடலாம். நீ சாப்பிட்டால் அது அந்தக் குழாயில் மாவுக்கட்டியாக அடைத்து, நுரை நுரையாக வாந்தி வரும். இன்னும் ஆறாத ஸ்டேப்ளர் தையலை உள்ளிருந்து அழுத்தும். அத்தைக்கு இது தெரியாது. "பச்சை உடம்பு, ஒரு வாய் குழைஞ்ச சோறாவது சாப்பிடு தாயி" என்று கையில் உருட்டி நீட்டுவார். அந்தக் கையை உன்னால் தட்ட முடியாது, எனக்குத் தெரியும். முதுகு வலிக்கிறது என்றால் மெடிக்கலில் சொல்லி டைக்ளோஃபெனாக் வாங்கி வரச் செய்வார். அதுவும் ஐபுபுரூஃபனும் மெலிந்த இரைப்பையில் புண் போடும். உனக்கு பாராசிட்டமால் மட்டும். தண்ணீர் வரும் அன்று குடத்தைத் தூக்காதே என்று சொல்லவும் ஆள் வேண்டும். ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் 15 கிலோ. உனக்கு 4 முதல் 6 வாரத்துக்கு 5 கிலோவே எல்லை. அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போடுவதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தால் அதுவும் காயமெல்லாம் மூடி டாக்டர் சரி என்ற பிறகுதான். இத்தனையிலும் உன்னைக் காக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான், அவரிடம்தான் மறைத்து வைத்திருக்கிறீர்கள். கொழுப்பெடுத்து அழகுக்காகச் செய்தாய் என்று நினைப்பார் என்ற பயமா? சர்க்கரைக்காகச் செய்தது என்று சொல். அவர் அக்கா கால் எடுத்த கதையை மறந்திருக்க மாட்டார். வெள்ளிக்கிழமை ராத்திரியே சொல்லிவிடு.

சாப்பாட்டுக்கு டயட்டீஷியன் தந்த தாளே சட்டம், ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி நாள் கொஞ்சம் மாறும். பொதுவாக முதல் 2 வாரம் குடிப்பது மட்டும், 3, 4 வாரம் மசித்தது, 5, 6 வாரம் மிருதுவானது. கஞ்சித் தண்ணீரும் இளநீரும் தாகத்துக்கு ஆகும், சத்துக்கு ஆகாது. பதநீர் முழுக்கச் சர்க்கரை, இந்த வருஷம் ஆசையை விடு. பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் ஹார்லிக்ஸையும் பிள்ளைகளுக்குக் கொடு. உனக்கு ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். ஸ்கூப்புக்கு 24 கிராம் தருகிற வே புரோட்டீன் பொடி 2 ஸ்கூப், ஆடை நீக்கிய பால் 400 மில்லி, இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 62 கிராம். பொடியைக் கொதிக்கிற பாலில் போடாதே, திரிந்து கட்டி கட்டியாகும்; வெதுவெதுப்பில் ஆற்றிக் கலக்கி வடிகட்டு.

மசித்த உணவு தொடங்கும்போது தடைக்காலம் முடிந்திருக்காது, ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. பரவாயில்லை, நாட்டுப்படகில் வருவது அன்றைய மீன். விளமீனோ பாறையோ வாங்கு. சூடையும் முரலும் முள், கணவாய் ரப்பர், அவை எல்லாம் பிறகு. மஞ்சளும் உப்பும் போட்டு 8 நிமிஷம் வேகவைத்து, ஆறியதும் வெள்ளைத் தட்டில் பரப்பி விரல் நுனியால் இழை இழையாகத் தடவிப் பார்த்தால் முள் தட்டுப்படும். வெந்த தண்ணீரில் 2 கரண்டி விட்டு முள்கரண்டியால் மசி, தட்டைச் சாய்த்தால் மெல்ல வழிய வேண்டும். முண்டு மிளகாய் ஒரு துணுக்கும் வேண்டாம். 2 மேசைக்கரண்டி, சின்ன ஸ்பூனில் 20 நிமிஷம். மார்புக்கு நடுவே ஓர் அழுத்தம் தெரிந்தால் அடுத்த ஸ்பூனைக் கீழே வை. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னும் பின்னும் தண்ணீர் கிடையாது.

பி12, இரும்பு, கால்சியம், டி விட்டமின் இனி ஆயுளுக்கும். கால்சியத்தையும் இரும்பையும் 2 மணி நேரம் தள்ளிப் போடு, ஒன்றை ஒன்று தடுக்கும். பித்தப்பை உனக்கு இன்னும் உள்ளேதான் இருக்கிறது; வேகமாக இளைத்தால் அதில் நிஜமாகவே கல் சேரும், அதற்கு 6 மாதம் மாத்திரை எழுதியிருந்தால் விடாதே. மூன்றாம் நாலாம் மாதம் முடி கொட்டும். பின்னல் மெலிந்ததென்று எனக்குப் போன் போட்டு அழுவாய், தெரியும். திரும்ப வளரும்.

கடைசியாக ஒன்று, இதை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டு, அத்தையும் படிக்கட்டும். உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120-க்கு மேல் போய் இறங்காமல் நின்றால் காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதே. தையல் கசிவுக்குப் பல நேரம் அதுதான் முதல் அடையாளம், இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட வரலாம். 101 டிகிரி காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, போய்விட்ட தோள்வலி இடப்பக்கம் திரும்ப வருவது, மூச்சுத் திணறல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, குடித்த தண்ணீர்கூட நிற்காமல் ஒரு நாள் முழுக்க வாந்தி, கருப்பாக மலம்: எதுவானாலும் மதுரை டாக்டருக்கு போன், 108, ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அங்கே போய் "பித்தப்பை ஆபரேஷன்" என்று அண்ணன் வாய் தவறிச் சொன்னால் டாக்டர் தேட வேண்டிய இடமே மாறிவிடும். ஸ்லீவ், இன்ன தேதி, இந்தத் தாள் என்று நீட்ட வேண்டும். மூக்கு வழியாகக் குழாய் விடுவதானால் அறுவை செய்தவரைக் கேட்டுத்தான் விட வேண்டும் என்றும் சொல்லுங்கள், கண்மூடித்தனமாகச் செருகினால் தையலில் இடிக்கும். வாந்தி பல நாள் நீடித்திருந்தால் குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் (பி1 விட்டமின்) ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். அது இல்லாமல் குளுக்கோஸ் ஏறினால் மூளையைப் பாதிக்கும்.

நாடி பார்ப்பதைத் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: கட்டைவிரலடி மணிக்கட்டில் இரண்டு விரல், 60 விநாடி முழுக்க. காலையும் ராத்திரி 9 மணிக்கும் எண்ணி, அந்த எண்ணையும் எத்தனை மூடி குடித்தாய் என்பதையும் எனக்கு அனுப்பு. அத்தையிடம் சொன்னாயா என்பதை வெள்ளிக்கிழமை ராத்திரி முதல் செய்தியிலேயே எழுது.

உன்
ராணி